மாண்ட்ரியல் சொல்லும், டெல்லி செய்யும்: வானத்துக்கு யார் அதிகாரி?



ஏரோ படிக்கிற உங்கள் நண்பர் யாரையாவது பிடித்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "மீனம்பாக்கத்தில் கிளம்பத் தயாராக நிற்கிற பயணிகள் விமானத்தை, 'நீ பறக்கக் கூடாது' என்று நிறுத்தி வைக்கிற அதிகாரம் யாருக்கு இருக்கிறது?"

பாதிப் பேர் யோசிக்காமல் "ஐ.சி.ஏ.ஓ." என்று சொல்வார்கள். காரணமும் தெளிவாக இருக்கும்: "உலக அமைப்பு ஆச்சே, அதுதானே பெருசு?" நம்ம நோட்ஸ்களில் வரும் படமும் அப்படித்தான். மேலே ஐ.சி.ஏ.ஓ., அதற்குக் கீழே டி.ஜி.சி.ஏ., அதற்குக் கீழே விமான நிறுவனங்கள். தலைமை அலுவலகம், கிளை அலுவலகம் மாதிரி ஒரு மரம்.

அந்தப் படம் தப்பு. ஐ.சி.ஏ.ஓ.வால் ஒரு விமானத்தைக்கூட நிறுத்த முடியாது. ஒரு பைலட்டின் உரிமத்தை ரத்து செய்ய முடியாது. ஒரு நிறுவனத்துக்கு ஒரு ரூபாய் அபராதம் போட முடியாது. ஆனால் அது இல்லாவிட்டால் சென்னை உரிமம் பெற்ற பைலட் சிங்கப்பூரில் இறங்குவதே சட்டச் சிக்கலாகிவிடும். அதிகாரம் இல்லாத ஓர் அமைப்பு எப்படி இவ்வளவு முக்கியமானது? அதிகாரம் இருக்கிற அமைப்புகள் ஏன் நாட்டுக்கு நாடு வேறு மாதிரி நடந்துகொள்கின்றன? இதுதான் இந்த மாதப் பாடம். ஏரோ மாணவர்களுக்கு மட்டும் இல்லை. சிவில், மெக்கானிக்கல், இ.சி.இ. நண்பர்களுக்கும் கடைசியில் வேலை இருக்கிறது, படியுங்கள்.

1. மாண்ட்ரியல்: விதியை எழுதுபவர், போலீஸ் அல்ல

1944 டிசம்பர் 7. இரண்டாம் உலகப் போர் இன்னும் முடியவில்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 52 நாடுகள் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதுதான் சிகாகோ ஒப்பந்தம். அந்தக் கூட்டத்தில் இந்தியாவும் இருந்தது. ஒப்பந்தம் 1947 ஏப்ரல் 4-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் பிறந்ததுதான் ஐ.சி.ஏ.ஓ. எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. ஐ.நா.வின் சிறப்பு அமைப்புகளில் ஒன்று. தலைமையகம் கனடாவின் மாண்ட்ரியலில். இன்று 193 உறுப்பு நாடுகள்.

இந்த ஒப்பந்தத்தின் முதல் பிரிவை மட்டும் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்வெளியில் முழுமையான இறையாண்மை உண்டு என்கிறது அது. அதாவது இந்திய வானத்துக்கு இந்தியாதான் சொந்தக்காரர். உலக அமைப்பை உருவாக்கிய அதே ஆவணம், "இங்கே நான் அதிகாரி இல்லை" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது.

அப்போ ஐ.சி.ஏ.ஓ. என்னதான் செய்கிறது? விதிகளுக்கான அளவுகோலை எழுதுகிறது. ஒப்பந்தத்துடன் 19 இணைப்புகள் இருக்கின்றன. இணைப்பு 1 ஊழியர் உரிமம், 6 விமான இயக்கம், 8 பறக்கும் தகுதி, 13 விபத்து விசாரணை, 14 விமான நிலையம், 17 பாதுகாப்புக் காவல், 19 பாதுகாப்பு மேலாண்மை. இவற்றில் உள்ளவை இரண்டு வகை. ஒன்று தரநிலை: நாடுகள் கட்டாயம் பின்பற்ற வேண்டியவை. இன்னொன்று பரிந்துரை: பின்பற்றினால் நல்லது.

"கட்டாயம்" என்றதும் நிமிர்ந்து உட்காராதீர்கள். பிரிவு 38 என்று ஒரு கதவு இருக்கிறது. ஒரு நாட்டால் ஒரு தரநிலையைப் பின்பற்ற முடியாவிட்டால், "எங்கள் நாட்டில் இது வேறு மாதிரி" என்று ஐ.சி.ஏ.ஓ.வுக்கு அறிவித்துவிடலாம். வேறுபாடு தாக்கல் செய்வது என்று இதற்குப் பெயர். தப்பித்துக்கொள்ளும் வழி போலத் தெரியும். ஆனால் ஒளிக்காமல் சொல்ல வைப்பதுதான் இதன் நோக்கம். எந்த நாட்டில் என்ன வித்தியாசம் என்று மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பிரிவு 33 இன்னும் முக்கியம். ஒரு நாடு கொடுத்த பறக்கும் தகுதிச் சான்றும் உரிமமும் ஐ.சி.ஏ.ஓ.வின் குறைந்தபட்சத் தரத்துக்குக் குறையாமல் இருந்தால், சர்வதேசப் பயணத்தில் மற்ற நாடுகள் அவற்றை ஏற்க வேண்டும். இந்த ஒரு பிரிவால்தான் சென்னையிலிருந்து கொழும்பு போகும் விமானத்தை இலங்கை அதிகாரிகள் மறுபடி முதலிலிருந்து சோதித்துச் சான்று தர வேண்டியதில்லை. நம்பிக்கைதான் இங்கே நாணயம். நாணயம் செல்லாக்காசானால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

2. டெல்லி: கையில் பேனாவும் பூட்டும் இருப்பவர்

இந்தியாவில் ஒழுங்குமுறை அமைப்பு டி.ஜி.சி.ஏ., அதாவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். பைலட்டுக்கு உரிமம் தருவது, விமானத்துக்குப் பறக்கும் தகுதிச் சான்று தருவது, நிறுவனத்துக்கு இயக்க அனுமதி தருவது, விமான நிலையத்துக்கு உரிமம் தருவது, தப்பு செய்தால் இவற்றை நிறுத்துவது, எல்லாம் இவர்கள் கையில். சென்னையிலும் மண்டல அலுவலகம் உண்டு.

இந்த அதிகாரம் மாண்ட்ரியலிலிருந்து வரவில்லை. இந்திய நாடாளுமன்றத்திலிருந்து வருகிறது. ரொம்ப காலம் 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டமும் 1937-ஆம் ஆண்டின் விமான விதிகளும்தான் அடிப்படை. 2020-ல் கொண்டுவந்த திருத்தம்தான் டி.ஜி.சி.ஏ.வுக்குச் சட்டப்படியான அந்தஸ்தைத் தந்தது. பழைய சட்டத்துக்குப் பதிலாக பாரதிய வாயுயான் அதிநியம் 2024 வந்து, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய கைடு வைத்திருப்பவர்கள் இந்த வரியை மார்க் செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். டெல்லி என்றால் ஒரே அலுவலகம் இல்லை. வேலை பிரிந்து கிடக்கிறது:

• டி.ஜி.சி.ஏ.: பறப்பதன் பாதுகாப்பு.
• பி.சி.ஏ.எஸ்.: கடத்தல், வெடிகுண்டு போன்ற அச்சுறுத்தல்களிலிருந்து காவல். விமான நிலையத்தில் உங்கள் பையைச் சோதிக்கும் சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள் பின்பற்றும் விதி இவர்களுடையது.
• ஏ.ஏ.ஐ.பி.: விபத்து விசாரணை.
• ஏ.ஏ.ஐ.: விமான நிலையங்களை நடத்துவது, வான்வெளிப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது. இவர்கள் சேவை தருபவர்கள், ஒழுங்குபடுத்துபவர்கள் இல்லை.

கடைசி வரியில்தான் அமெரிக்காவுடன் ஒரு பெரிய வித்தியாசம். அங்கே எஃப்.ஏ.ஏ. எனப்படும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமே விதியும் போடும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆளையும் உட்கார வைக்கும். இந்தியாவில் மீனம்பாக்கம் கோபுரத்தில் இருப்பவர் ஏ.ஏ.ஐ. ஊழியர், அவருக்கான விதியைப் போடுவது டி.ஜி.சி.ஏ. கேள்வித்தாள் தயாரிப்பவரும் தேர்வு எழுதுபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான்.

விபத்து விசாரணையைத் தனியாக வைத்திருப்பதற்கும் அதே காரணம். விபத்துக்கு ஒழுங்குமுறை அமைப்பின் மெத்தனமே காரணமாக இருந்தால்? தன் தப்பைத் தானே விசாரிக்கக் கூடாது இல்லையா? 2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்து 260 பேர் இறந்தபோது விசாரணையை எடுத்தது டி.ஜி.சி.ஏ. அல்ல, ஏ.ஏ.ஐ.பி. விபத்து நடந்த நாடுதான் விசாரணையை நடத்த வேண்டும் என்பது இணைப்பு 13. விமானத்தை வடிவமைத்துத் தயாரித்த நாடு என்ற முறையில் அமெரிக்காவின் என்.டி.எஸ்.பி. அதில் கலந்துகொண்டது. முதற்கட்ட அறிக்கை ஜூலை 12-ல் வெளிவந்தது. அந்த முப்பது நாள் கணக்கும் இணைப்பு 13-ல் இருப்பதுதான். விதி மாண்ட்ரியலுடையது, வேலை இந்தியாவுடையது.

3. எம்.ஏ.ஏ.வா, வி.ஓ.எம்.எம்.ஆ?

சூட்கேஸில் ஒட்டும் சீட்டில் சென்னைக்கு எம்.ஏ.ஏ. என்று மூன்று எழுத்து இருக்கும். மெட்ராஸ் என்ற பழைய பெயரின் மிச்சம். அதே விமானத்தின் பைலட் தாக்கல் செய்யும் பயணத் திட்டத்தில் சென்னைக்கு வி.ஓ.எம்.எம். என்று நான்கு எழுத்து. ஒரே ஊருக்கு ஏன் இரண்டு பெயர்?

மூன்று எழுத்து ஐ.ஏ.டி.ஏ. வைத்தது. நான்கு எழுத்து ஐ.சி.ஏ.ஓ. வைத்தது. ஐ.ஏ.டி.ஏ. 1945 ஏப்ரலில் ஹவானாவில் தொடங்கியது. அது விமான நிறுவனங்களின் சங்கம். டிக்கெட், சரக்கு, கணக்குவழக்கு எல்லாவற்றிலும் நிறுவனங்களுக்கு இடையே பொதுவான நடைமுறை வைத்திருப்பது அதன் வேலை. அதன் தலைமையகமும் மாண்ட்ரியலில் இருப்பதால் நிறைய பேர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று அரசுகளின் அமைப்பு, இன்னொன்று வியாபாரிகளின் சங்கம். ஐ.ஏ.டி.ஏ. ஒழுங்குமுறை அமைப்பே இல்லை. தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வி இதில் அடிக்கடி விழும்.

4. இன்னொரு நாடு நம்மைப் பெயிலாக்கிய கதை

இப்போது உண்மையான பாடத்துக்கு வருவோம். ஐ.சி.ஏ.ஓ.வுக்குத் தண்டிக்க அதிகாரம் இல்லை. டி.ஜி.சி.ஏ.வின் அதிகாரம் இந்தியாவுக்குள். அப்போ டி.ஜி.சி.ஏ. சரியாக வேலை செய்யாவிட்டால் யார் கேட்பது?

ஐ.சி.ஏ.ஓ. தணிக்கை செய்யும். உறுப்பு நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகளை அலசி, எத்தனை சதவீதம் விதிகளை நடைமுறைப்படுத்தியிருக்கிறது என்று மார்க் போடும். அவ்ளோதான். அந்த மார்க்கை வைத்து நடவடிக்கை எடுப்பது மற்ற நாடுகள்.

2014 ஜனவரி 31 அன்று அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. இந்தியாவை முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு இறக்கியது. தன் நாட்டுக்குப் பறக்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் அரசுகள் ஐ.சி.ஏ.ஓ. தரத்தில் கண்காணிக்கின்றனவா என்று 1992 முதல் எஃப்.ஏ.ஏ. மதிப்பிட்டு வருகிறது. அந்த மதிப்பீட்டில் இந்தியா தவறியது. பயிற்சி பெற்ற முழுநேர ஆய்வாளர்கள் போதாது என்பது முக்கியமான குறைகளில் ஒன்று.

இங்கே கவனிக்க வேண்டியது: அவர்கள் மார்க் போட்டது ஏர் இந்தியாவுக்கோ ஜெட் ஏர்வேஸுக்கோ இல்லை. டி.ஜி.சி.ஏ.வுக்கு. ஆனால் அடி விழுந்தது நிறுவனங்களுக்கு. ஏற்கெனவே இருந்த அமெரிக்கச் சேவைகளைத் தொடரலாம், கூடுதல் கண்காணிப்புடன். புதிய சேவை தொடங்க முடியாது. அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் டிக்கெட்டை இந்திய விமானத்தில் விற்க முடியாது. ஒரு கல்லூரியின் அங்கீகாரம் போனால் அங்கே நன்றாகப் படித்த பையனுக்கும் வேலை கிடைப்பதில் சிக்கல் வருமே, அந்த நிலைமைதான். பையன்மேல் எந்தத் தப்பும் இல்லை. அவனுக்குச் சான்று தந்தவர்மேல் நம்பிக்கை போய்விட்டது.

புதிய ஆய்வாளர்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, குறைகளைச் சரிசெய்த பிறகு 2015 ஏப்ரல் 8-ல் முதல் வகை திரும்பக் கிடைத்தது. பதினான்கு மாதம். பிறகு 2022 நவம்பரில் நடந்த ஐ.சி.ஏ.ஓ. தணிக்கையில் இந்தியாவின் மதிப்பெண் 69.95 சதவீதத்திலிருந்து 85.65 சதவீதத்துக்கு உயர்ந்தது. 2023 ஏப்ரலில் எஃப்.ஏ.ஏ. முதல் வகையை உறுதிசெய்தது. இது இந்தியாவுக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. நம்ம ஊர்க்காரர்கள் நிறையப் பறக்கும் மலேசியாவும் 2019 நவம்பரில் இரண்டாம் வகைக்கு இறங்கி, 2022 அக்டோபரில்தான் மீண்டது.

ஐரோப்பாவின் வழி வேறு. அங்கே ஈயாசா எனப்படும் ஐரோப்பிய ஒன்றிய விமானப் பாதுகாப்பு முகமை இருக்கிறது. ஜெர்மனியின் கொலோன் நகரில் தலைமையகம். ஒன்றியம் வெளியிடும் தடைப்பட்டியலில் நிறுவனங்களின் பெயரே வரும். சில நேரம் ஒரு நாட்டின் எல்லா நிறுவனங்களும் வரும். அமெரிக்கா ஆசிரியரை மதிப்பிடுகிறது; ஐரோப்பா மாணவனையும் சேர்த்து மதிப்பிடுகிறது.

ஈயாசா ஒரு தனி ரகம் என்பதையும் கவனியுங்கள். அது தேசிய அமைப்பும் இல்லை, ஐ.சி.ஏ.ஓ. மாதிரி உலக அமைப்பும் இல்லை. பல நாடுகள் சேர்ந்து தங்கள் அதிகாரத்தில் ஒரு பகுதியை ஒரே இடத்தில் வைத்திருக்கின்றன. அதனால் அதன் சான்று நேரடியாகச் செல்லும். பிரிட்டன் 2020 முடிவில் அதிலிருந்து விலகியதால், 2021 ஜனவரி முதல் பிரிட்டன் உரிமம் வேறு, ஈயாசா உரிமம் வேறு.

5. ஒரே விமானம், வேறு வேறு தேதி

தேசிய அமைப்புகள் தனித்தனியாக முடிவெடுப்பதை ஒரே உதாரணத்தில் காட்ட வேண்டும் என்றால் போயிங் 737 மேக்ஸ்தான். 2018 அக்டோபர் 29-ல் இந்தோனேசியாவில் லயன் ஏர் விபத்து, 189 பேர். 2019 மார்ச் 10-ல் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விபத்து, 157 பேர். விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே இறக்கும் எம்.கேஸ் என்ற மென்பொருள், ஒரே ஒரு சென்சார் தந்த தவறான அளவை நம்பியது. இ.சி.இ. நண்பர்கள் இதைத் தனியாகப் படிக்க வேண்டும்.

இப்போது தேதிகளைப் பாருங்கள். மார்ச் 11: சீனா நிறுத்தியது. மார்ச் 12: ஐரோப்பா நிறுத்தியது, அன்று இரவே டி.ஜி.சி.ஏ.வும் முடிவை அறிவித்தது. மார்ச் 13: அமெரிக்கா. விமானத்துக்குச் சான்று கொடுத்த எஃப்.ஏ.ஏ.தான் பெரிய நாடுகளில் கடைசியாக வந்தவர்களில் ஒருவர். ஐ.சி.ஏ.ஓ. இந்தப் பட்டியலிலேயே இல்லை.

திரும்பப் பறக்க விட்டதும் அப்படித்தான். எஃப்.ஏ.ஏ. 2020 நவம்பர் 18. ஈயாசா 2021 ஜனவரி 27. இந்தியா 2021 ஆகஸ்ட் 26. அமெரிக்கா சரி என்று சொன்ன பிறகும் நாம் ஒன்பது மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். அதுவரை எல்லா நாடுகளும் பெரும்பாலும் எஃப்.ஏ.ஏ. சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டிருந்தன. 346 உயிர்கள் போன பிறகு அந்தப் பழக்கத்தில் விரிசல் விழுந்தது. வடிவமைத்த நாட்டின் அமைப்பை நம்பலாம், ஆனால் கேள்வி கேட்டு நம்ப வேண்டும்.

6. பைலட் எவ்வளவு நேரம் ஓய்வெடுக்க வேண்டும்?

ஐ.சி.ஏ.ஓ. எங்கே நிற்கிறது, நாடுகள் எங்கே தொடங்குகின்றன என்பதற்கு இன்னொரு எளிய உதாரணம். பைலட்டுகளின் களைப்பைக் கட்டுப்படுத்த ஒவ்வொரு நாடும் விதி வைத்திருக்க வேண்டும் என்று இணைப்பு 6 சொல்கிறது. எத்தனை மணி நேரம் என்ற எண்ணை அது நாடுகளிடம் விட்டுவிடுகிறது.

வாராந்திர ஓய்வை மட்டும் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 168 மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக 30 மணி நேரம். ஐரோப்பாவில் 36 மணி நேரம், அதில் இரண்டு இரவுகள் அடங்க வேண்டும். இந்தியாவில் முன்பு 36 ஆக இருந்தது, புதிய விதியில் 48 ஆனது. அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகள், இந்தியா எல்லாமே ஐ.சி.ஏ.ஓ. உறுப்பினர்கள்தான், மூன்று எண்களும் செல்லும்.

எண்ணை எழுதுவது சுலபம், நடைமுறைப்படுத்துவதுதான் கஷ்டம். இந்தியாவின் புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1-ல் வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. சென்னையிலும் மக்கள் பெட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். திட்டமிடலில் குறை இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. கடைசியில் டி.ஜி.சி.ஏ. அந்த நிறுவனத்துக்குச் சில விதிகளில் தற்காலிக விலக்கு தந்தது. விலக்கு தரவும் மாண்ட்ரியலைக் கேட்க வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். தேசிய அதிகாரத்தின் பலமும் பலவீனமும் இதுவே. பயணிகள் நெருக்கடியைத் தீர்க்க அது உடனே வளையும். களைத்த பைலட்டின் பக்கமிருந்து பார்த்தால் அந்த வளைவே கவலை.

7. நம்ம ஏரியாவில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

*ஆவடி, அரக்கோணம்.* ஆவடியில் உள்ள சி.வி.ஆர்.டி.இ. டாங்கி ஆய்வகம் என்றுதான் பலருக்கும் தெரியும். தேஜஸ் போர் விமானத்துக்கான துணைக்கருவி கியர்பாக்ஸையும், தபஸ் ஆளில்லா விமானத்துக்கான லேண்டிங் கியரையும் உருவாக்கியது அதே இடம்தான். இவற்றுக்குச் சான்று தருவது டி.ஜி.சி.ஏ.வா? இல்லை. சிகாகோ ஒப்பந்தத்தின் பிரிவு 3, ராணுவ, சுங்க, போலீஸ் விமானங்களைத் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிடுகிறது. இந்தியாவில் ராணுவ விமானங்களின் பறக்கும் தகுதியைப் பார்ப்பது செமிலாக் என்ற அமைப்பு, தலைமையகம் பெங்களூரு.

ஆவடியில் அரக்கோணம் லோக்கல் ஏறிப் போனால் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளம். அங்கே நிற்கும் பி-8ஐ கண்காணிப்பு விமானம் போயிங் 737 உடலை அடிப்படையாகக் கொண்டது. கிட்டத்தட்ட அதே உடல் மீனம்பாக்கத்தில் பயணிகளோடு நின்றால் டி.ஜி.சி.ஏ.; அரக்கோணத்தில் கடற்படைச் சின்னத்தோடு நின்றால் ராணுவ விதி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது பயணிகள் விமானங்கள் ராஜாளியில் இறங்கிக் கிளம்பின. தளம் கடற்படையுடையது. விமானம் சிவில். எங்கே நிற்கிறது என்பதைவிட எந்த வேலைக்குப் பறக்கிறது என்பதே கேள்வி.

*போரூர், பூந்தமல்லி.* சிவில் மாணவர்களே, உங்களுக்கு. இந்தப் பக்கம் அடுக்குமாடி கட்ட வேண்டுமானால், ஏ.ஏ.ஐ. வரைபடத்தில் அந்த இடத்துக்கு எவ்வளவு உயரம் வரை அனுமதி என்று பார்க்க வேண்டும். அதைத் தாண்டினால் தடையில்லாச் சான்று கட்டாயம். ஓடுபாதையைச் சுற்றி எந்த உயரத்துக்கு மேல் தடை இருக்கக் கூடாது என்பதை இணைப்பு 14 வரையறுக்கிறது. அதை இந்தியா 2015-ஆம் ஆண்டு உயரக் கட்டுப்பாட்டு விதிகளாக எழுதியது. அதை வைத்து ஏ.ஏ.ஐ. சான்று தருகிறது. அதன் பிறகுதான் திட்ட அனுமதி. மாண்ட்ரியலில் எழுதிய ஒரு கோடு பூந்தமல்லி கட்டடத்தின் மொட்டை மாடியில் வந்து நிற்கிறது!

*அம்பத்தூர்.* மெக்கானிக்கல் மாணவர்களுக்கு. எஸ்டேட்டில் ஒரு சி.என்.சி. பட்டறை விமானப் பாகம் ஒன்றைச் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவரில் ஏ.எஸ்.9100 சான்று தொங்கும். அது தொழில்துறை தரச் சான்று. எந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பும் கொடுத்தது இல்லை. அந்தப் பாகம் விமானத்தில் ஏறுவது, அதை வாங்கும் தயாரிப்பாளர் தன் நாட்டு அமைப்பிடம் பெற்றிருக்கும் தயாரிப்பு அனுமதியின் கீழ்தான். அதனால்தான் ஒவ்வொரு பாகத்துடனும் தடம் காணும் காகிதங்கள் போகின்றன. காகிதம் தொலைந்தால், பாகம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் விமானத்தைப் பொறுத்தவரை அது இரும்புத் துண்டுதான்.

*ட்ரோன் கிளப்.* உள்நாட்டு ட்ரோன்களைப் பெரும்பாலும் நாடுகளின் பொறுப்பிலேயே ஐ.சி.ஏ.ஓ. விட்டிருக்கிறது, மாதிரி விதிகளை மட்டும் தந்திருக்கிறது. நமக்கு ட்ரோன் விதிகள் 2021. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். விமான நிலையத்தை நெருங்க நெருங்க விதி இறுகும்: சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிக்கு மேல் போக அனுமதி வேண்டும், 8 கிலோமீட்டருக்குள் என்றால் தரையிலிருந்தே அனுமதி வேண்டும். ஆவடியில் பாதுகாப்புத் துறை இடங்கள் நிறைய. யூடியூபில் ஓர் அமெரிக்கர் "நான் 400 அடி வரை பறக்கிறேன்" என்று சொல்வதைப் பார்த்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடாதீர்கள். அவருக்கு எஃப்.ஏ.ஏ., உங்களுக்கு டிஜிட்டல் ஸ்கை வரைபடம். முதலில் அதைத் திறந்து உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பாருங்கள்.

8. பட்டம் வேறு, உரிமம் வேறு

இதைச் சொல்லாமல் முடித்தால் ஜூனியர்களுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். பி.இ. ஏரோநாட்டிக்கல் பட்டம் பல்கலைக்கழகம் தருவது. பராமரிப்பு முடிந்த விமானத்தைப் "பறக்கலாம்" என்று கையெழுத்திட்டு விடுவிக்கும் உரிமை, அந்தப் பட்டத்தால் வராது. அதற்கு டி.ஜி.சி.ஏ.வின் கார்-66 விதிப்படி விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வேண்டும். பி1 இயந்திரப் பக்கம், பி2 ஏவியானிக்ஸ் பக்கம். தேர்வுகள் தனி, செய்முறை அனுபவம் தனி.

கார்-66, கார்-145, கார்-147 என்ற எண்களைப் பார்த்தால் ஈயாசாவின் பார்ட்-66, பார்ட்-145, பார்ட்-147 ஞாபகம் வரும். வேண்டுமென்றேதான், அந்த அமைப்பைப் பின்பற்றித்தான் நம் விதிகள் எழுதப்பட்டன. பாடத்திட்டம் ஒத்திருக்கும், மாட்யூல்கள் ஒத்திருக்கும். ஆனால் உரிமம் ஒன்றல்ல. இந்திய உரிமத்தோடு துபாய்க்கோ ஐரோப்பாவுக்கோ போனால், அந்த நாட்டின் அமைப்பு தன் நடைமுறைப்படிதான் ஏற்கும். பிரிவு 33 இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அது இந்தியாவில் பதிவான விமானத்தில் இந்திய உரிமம் செல்லும் என்பதற்கான உறுதி. வேறு நாட்டில் பதிவான விமானத்தில் கையெழுத்திட, அந்த நாட்டின் உரிமம் வேண்டும்.

ஆகவே ஏதாவது பயிற்சி மையம் "எங்கள் சான்றிதழ் ஐ.சி.ஏ.ஓ. அங்கீகாரம் பெற்றது, உலகம் முழுக்கச் செல்லும்" என்று நோட்டீஸ் கொடுத்தால், பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி எண் உங்களிடம் இருக்கிறது?" ஐ.சி.ஏ.ஓ. பராமரிப்புப் பொறியாளர் யாருக்கும் உரிமம் தருவதில்லை. டி.ஜி.சி.ஏ. அனுமதித்த நிறுவனங்களின் பட்டியல் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. அம்மா அப்பா கடன் வாங்கிக் கட்டும் லட்சங்கள் இந்த ஒரு கேள்வியில் தப்பிக்கலாம்.

சுருக்கமாக

• ஐ.சி.ஏ.ஓ.: தரத்தை எழுதும், தணிக்கை செய்யும். உரிமம் தராது, தண்டிக்காது.
• டி.ஜி.சி.ஏ., எஃப்.ஏ.ஏ.: தரத்தைச் சட்டமாக்கிச் செயல்படுத்தும் தேசிய அமைப்புகள். உரிமமும் தண்டனையும் இவர்களிடம்.
• ஈயாசா: பல நாடுகளின் பொது அமைப்பு. நடுவில் நிற்பது.
• ஐ.ஏ.டி.ஏ.: நிறுவனங்களின் சங்கம். ஒழுங்குமுறை அமைப்பு அல்ல.
• செமிலாக்: ராணுவ விமானங்களுக்கு. சிகாகோ ஒப்பந்தத்துக்கு வெளியே.

அடுத்த முறை விமானச் செய்தி ஒன்றைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். இந்த விதியை எழுதியது யார்? இதைச் செயல்படுத்தும் சட்ட அதிகாரம் யாருக்கு? அவர் தவறினால் யார் பார்ப்பார்? மூன்றுக்கும் ஒரே பெயர் பதிலாக வந்தால், அங்கே ஏதோ சரியில்லை. மூன்றுக்கும் மூன்று பெயர் வந்தால், தைரியமாக டிக்கெட் எடுங்கள்.

சந்தேகம் இருந்தால் எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் பதில் சொல்கிறோம். இணைப்பு 13-ஐ முழுசாக, ஒரு விபத்து அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.